நோரா அழித்த குரல்

போன மாதம் ஈஸ்ட் ஹாமில் ஒரு கலியாண வீட்டில், கோழிக்கறிக்கும் பாயாசத்துக்கும் இடையில், என் முப்பத்தைந்து வருட வேலையை ஒரு பிள்ளை ஒரே வரியில் இல்லாமல் செய்துவிட்டாள். றொசானா என்று பெயர், என் நண்பரின் மகள். ஒலிப்பதிவு படித்துவிட்டு இப்போது படங்களுக்கு இசை சேர்க்கும் ஓரிடத்தில் வேலை பார்க்கிறாள். அயர்லாந்துக்காரர் லண்டனுக்கு வந்து குடியேறியதைப் பற்றிய ஒரு படத்தின் பாட்டில் நானும் வேலை செய்தேன் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"அங்கிள், அந்தப் பாட்டு முடியேக்க ஒரு ஆள் கதைக்கிறாரே, அது ஏஐ தானே? அவ்வளவு ரியலா செய்திருக்கினம்" என்றாள்.

பாராட்டுகிறாளாம். எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. என் மனைவி றீற்றா மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளியிருக்காவிட்டால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். "அது மனுசன்ர குரல் பிள்ளை, செத்துப்போன மனுசன்ர குரல்" என்று மட்டும் சொன்னேன். எப்படி என்று கேட்டாள். மண்டபத்தில் பாட்டுப் போட்டவர்கள் ஸ்பீக்கர் கிழியும்படி போட்டிருந்ததால் விளக்கமுடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் மன்னாரில் ரேடியோ திருத்தியவன். லண்டனுக்கு வந்து பெற்றோல் ஸ்ரேசனில் ஷிப்ட், பேக்கரியில் ஷிப்ட், பகலில் கல்லூரி என்று நாலு வருடம் ஓடினேன். அதற்குப் பிறகு மேற்கு லண்டனில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் இயந்திரம் பராமரிக்கும் வேலை கிடைத்தது. முதல் இரண்டு வருடம் வயர் ஒட்டினேன், தேநீர் போட்டேன், பேசாமல் இருந்தேன். படிப்பென்றால் அவ்வளவுதான். பாட்டுக்காரர்கள் முன்வாசலால் வருவார்கள், நான் பின்வாசலால் வருவேன். அவர்களுக்கு என் பெயர் தெரியாது. ஆனால் இயந்திரம் நின்றால் அத்தனை பேரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே பலநாள் வேலைக்குப் போயிருக்கிறேன்.

எனக்கு மேலதிகாரி மார்கரெட். வேல்ஸ்காரி, மெலிந்த மனுசி. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் குத்தியிருக்கும். மத்தியானம் ஓர் அவித்த முட்டையும் ஒரு தக்காளியும், அதுவும் நின்றுகொண்டே சாப்பிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, பாராட்டியும் கேட்டதில்லை. யாராவது வந்து "இதில் கோளாறு இந்த இடத்தில்தான்" என்று சொன்னால் மூக்குக்கண்ணாடியை இறக்கி ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "நிச்சயமா, நம்பிக்கையா?" இரண்டில் எது என்றாலும் அவர் கோபிப்பதில்லை. ஆனால் நம்பிக்கையை நிச்சயம் என்று சொன்னவனோடு பிறகு மூன்று மாதம் கதைக்கமாட்டார். நான் ஒருமுறை அந்த மூன்று மாதத்தை அனுபவித்திருக்கிறேன். அதற்குப் பிறகு வீட்டில் றீற்றா உப்புப் போட்டியளோ என்று கேட்டாலும் யோசித்துத்தான் பதில் சொல்வேன்.

காலம் மாறியது. எல்லாம் கொம்பியூட்டருக்குப் போனது. எங்கள் கூடத்தில் ஒரு மூலையில் மட்டும் பழைய நாடாக்களை உயிர்ப்பிக்கும் வேலை மிஞ்சியது, அது என் கைக்கு வந்தது. அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது விளங்காவிட்டால் பாட்டின் கதையும் விளங்காது.

பழைய ஒலிநாடாவில் ஒலி இருப்பது பிளாஸ்ரிக்கில் அல்ல, அதன்மேல் பூசிய, துருப்போன்ற கபில நிறப் பூச்சில். சில வகை நாடாக்களில் அந்தப் பூச்சு வருடக்கணக்காக ஈரத்தைக் குடித்துப் பசையாகிவிடும். அப்படியே ஓட்டினால் கீச்சென்று கத்தும், இயந்திரத்தில் ஒலியைப் படிக்கும் தலையில் கபிலக் களியாக அப்பும். அதோடு பாட்டும் உரிந்துபோகும். அதற்கு வைத்தியம், சுருளை ஐம்பத்து நாலு பாகைச் சூட்டில் எட்டு மணித்தியாலம் வைத்து ஈரத்தை இழுப்பது. பழம் உலர்த்தும் சின்ன மின்பெட்டி ஒன்று அதற்கென்றே எங்களிடம் இருந்தது. மணிக்கொருதரம் சுருளைப் புரட்டவேண்டும், பிறகு அதே அளவு நேரம் ஆறவிடவேண்டும். எல்லாவற்றுக்கும் முன் சுருளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கவேண்டும். வெளிச்சம் ஊடுருவி வந்தால் அது வேறு சாதி நாடா, சூடு காட்டினால் சுருண்டு செத்துப்போகும். ஊடுருவாவிட்டால் வைக்கலாம். சூடு காட்டிய நாடா சில கிழமைகளுக்குத்தான் நன்றாக இருக்கும். மறுபடி மறுபடி சூடு காட்டுவது நல்லதல்ல.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் அந்த இசைக்குழு வந்தது. நாலு பேரும் லண்டனில் பிறந்த அயர்லாந்துப் பிள்ளைகள், பிள்ளைகள் என்றாலும் எல்லோருக்கும் ஐம்பதை எட்டும் வயது. கித்தார்காரர் ஒலியைக் கூட்டினால் சுவரில் தொங்கிய படம் கோணலாகும். பாட்டு, ஒருவன் கப்பலேறி வந்து இந்த நகரத்துக்குக் கீழே சுரங்கம் தோண்டுவதைப் பற்றியது. படத்தின் முடிவில், பெயர்கள் ஓடும்போது வரவேண்டியது. பாட்டை எழுதிப் பாடியவர் டெக்லன். அவருடைய அப்பாவே அப்படி வந்து சுரங்கத்தில் வேலை செய்து, மண் சரிந்து செத்தவர். அப்போது டெக்லனுக்கு மூன்று மாதம்.

டெக்லன் பாட்டின் கடைசியில் நாற்பது விநாடி வெறுமையாக விட்டிருந்தார். அதில் என்ன வரும் என்று கேட்டதற்கு ஒரு பிஸ்கற் தகரப் பேணியைத் திறந்து கையளவு சுருள் ஒன்றை எடுத்து வைத்தார்.

அதன் வரலாறு இது. அப்பா லண்டனில் கூட்டாளி ஒருவரின் இயந்திரத்தில் பேசி, அந்த நாடாவைக் கடிதத்துக்குப் பதிலாக அயர்லாந்தில் இருந்த தன் அக்கா நோராவுக்கு அனுப்பினார். ஊரில் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் மட்டும்தான் இயந்திரம் இருந்ததாம். அங்கே போய் எல்லோருமாகக் கேட்டார்கள். அடுத்த நாள் நோரா அதே நாடாவில், அவர் பேசியதற்கு மேலேயே, தன் பதிலைப் பதிந்தார். தபாலில் போடுவதற்குள் தம்பி செத்த செய்தி வந்துவிட்டது. நோராவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. தன் தம்பியின் குரல் உலகத்தில் ஒரே ஓரிடத்தில்தான் இருந்தது, அதைத் தன் கையாலேயே அழித்தேன் என்று அத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருக்கிற மனுசி அவர். அந்தச் சுருளைப் பிறகு அவர் போட்டுக் கேட்டதேயில்லை. தம்பியின் கைபட்டது, முழுசாகத் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்.

"மேலே பதிந்ததை நீக்கினால் கீழே இருப்பது வருமா?" என்று டெக்லன் கேட்டார். தன் அப்பா பேசி ஒரு சொல்லும் கேட்காத மகன் அவர். மார்கரெட் வராது என்றார். அழிந்தது அழிந்ததுதான், அடியில் ஒன்றும் இல்லை என்று மழுப்பாமல் சொன்னார். டெக்லன் தலையாட்டிவிட்டு, அத்தையின் குரலாவது கிடைக்கட்டும் என்றார்.

விளக்கில் பிடித்துப் பார்த்தேன், வெளிச்சம் வரவில்லை. எட்டு மணித்தியாலம் சூடு காட்டி, ஆறவிட்டு, புதன்கிழமை மத்தியானம் மூவருமாக இருந்து ஓட்டினோம். இளம் பெண்ணொருத்தியின் குரல் வந்தது. மழை, கன்று போட்ட பசு, யாருக்கோ கலியாணம், குழந்தை எப்படி என்று பதினான்கு நிமிடம். அந்தக் குழந்தை எனக்குப் பக்கத்தில் நரைத்த தாடியோடு உட்கார்ந்திருந்தது. பிறகு "டக்" என்று பொத்தான் நிற்கும் சத்தம், அதன்பிறகு இரைச்சல் மட்டும். நாடா கீச்சிடத் தொடங்கியது. மார்கரெட் கையை உயர்த்தினார், நான் நிறுத்தினேன். கீச்சிட்டால் நிறுத்தவேண்டும், அது எங்கள் சட்டம். தலையில் களி அப்பியிருந்தது. சுருளில் இன்னும் கொஞ்சம் நாடா மிச்சம் இருந்தது.

படக்காரருக்குப் பாட்டு வெள்ளிக்கிழமை மத்தியானம் வேண்டும். ஒரு நடிகரை வைத்து அப்பாவின் குரல்போல நாலு வரி பேசவைக்கலாம் என்றார்கள். டெக்லன் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

நான் வீட்டுக்கு வந்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த றீற்றாவிடம் கதையைச் சொன்னேன். எங்களுக்கு இது புதுக்கதை அல்ல. நான் இங்கே வந்த காலத்தில் அம்மாவும் நானும் கடிதம் எழுதியதைவிடக் கசெற்றில் பேசியதுதான் கூட. அங்கேயிருந்து வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். நான் கேட்டுவிட்டு, அதே கசெற்றில் பதிலைப் பதிந்து, போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவேன்.

றீற்றா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மிச்ச நாடாவை ஏன் ஓடவிடேல்லை?"

"கதை முடிஞ்சுது. பிறகென்னத்துக்கு?"

"மாமி எப்பவாவது முடிக்கிறன் எண்டு சொன்னதோட முடிச்சவவோ?"

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அம்மா "சரி தம்பி, நான் முடிக்கிறன்" என்பார். பிறகு ஒரு நிமிடம் ஆடு கத்தும், யாரோ தண்ணீர் அள்ளுவார்கள். அதற்குப் பிறகுதான் "தம்பி, ஒண்டு சொல்ல மறந்திட்டன்" என்று வரும். முக்கியமான செய்தி எப்போதும் அந்த இடத்தில்தான். தங்கச்சிக்குக் கலியாணம் பேசியதை நான் அப்படித்தான் அறிந்தேன். ஓர் அறையில் ஐந்து பேராக இருந்த நாங்கள் யாருடைய கசெற் என்றாலும் கடைசி அங்குலம் வரை ஓடவிடுவோம். அப்படிப்பட்ட நான், வேலையிடத்தில் சட்டப்படி நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கூடத்தைத் திறந்தேன். முதல்நாள் ஓட்டியது கொம்பியூட்டரில் இருந்தது. நோராவின் "டக்" சத்தத்துக்கும் நான் நிறுத்தியதற்கும் இடையில் பத்து விநாடி. அதைக் காதில் மாட்டி இருபது தடவை கேட்டேன். வெறும் நாடாவின் இரைச்சல் எனக்குத் தெரியும், மாவு சலிப்பதுபோல் ஒரேமாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. உள்ளே மின்சார முனகல் ஒன்று இருந்தது, அதற்குப் பின்னால் எங்கோ ஒரு குழாய் சொட்டியது. நோரா பேசிய பதினான்கு நிமிடத்தில் ஒரு சொட்டும் இல்லை. அப்படியென்றால் இது வேறு அறை, நோராவின் பதிலுக்கு முன்பே பதிந்தது.

மார்கரெட் ஏழரைக்கு வந்தார். மிச்சத்தை ஓட்டவேண்டும், அதற்கு இரண்டாம் முறை சூடு காட்டவேண்டும் என்றேன். கண்ணாடி இறங்கியது.

"நிச்சயமா, நம்பிக்கையா?"

"அந்த நாடாவில் வேறொரு அறை இருப்பது நிச்சயம். அதில் ஆள் பேசுவது நம்பிக்கை."

அவர் கொண்டையிலிருந்த பென்சிலை எடுத்துத் திரும்பவும் குத்திக்கொண்டார். இரண்டாம் சூட்டில் பூச்சு முழுதாக உரிந்தால் அந்த மனுசிக்கு என்ன பதில் சொல்வாய் என்று கேட்டார். பிறகு அவரே, இதைத் தீர்மானிக்கிறவர்கள் நாங்கள் இல்லை என்று சொல்லி டெக்லனைக் கூப்பிட்டார். டெக்லன் அத்தையைக் கூப்பிட்டார். நோரா, கெடுக்கவேண்டியதை நான் எப்போதோ கெடுத்துவிட்டேன், செய்யுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாராம்.

அன்று பகல் முழுக்க அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன். ஐம்பத்து நாலுக்கு மேலே ஒரு பாகையும் ஏறவிடவில்லை. மணிக்கொருதரம் புரட்டினேன், புரட்டும்போதெல்லாம் ஓர் அருள்நிறை மரியே செபம் சொன்னேன். இது எந்தக் கையேட்டிலும் இல்லாத செய்முறை, றொசானா வேண்டுமென்றால் குறித்துக்கொள்ளலாம்.

வெள்ளி காலை எட்டு மணி. இயந்திரத்தின் தலையை ஸ்பிரிற்றால் துடைத்து, இழுவையைக் குறைத்து, நாடாவைக் கோத்தேன். சுருள் ஒட்டினால் உடனே விடுவிக்க இடது கை விரல் ஒன்றை அதன் விளிம்பில் வைத்துக்கொண்டேன். மார்கரெட் பின்னால் நின்றார். டெக்லன் எனக்குப் பக்கத்தில் கதிரை நுனியில் இருந்தார். நோராவின் "டக்". முனகல். குழாய் சொட்டியது. ஒரு நிமிடம் போனது. மெல்லக் கீச்சிடத் தொடங்கியது. நான் மார்கரெட்டைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கையை உயர்த்தவில்லை, இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் போட்டிருந்தார். விரலால் சுருளைத் தள்ளித் தள்ளிக் கொடுத்தேன். கபிலத் தூள் என் சட்டைக் கையில் கொட்டியது.

ஒரு கதிரை இழுபட்டது. யாரோ இருமினார். பிறகு அந்த ஆள் பேசினார். தடித்த அயர்லாந்து உச்சரிப்பு, எனக்கே பாதிதான் விளங்கியது. டெக்லன் பிறகு சொல்லித்தான் முழுவதும் தெரியும்.

"நோரா, இன்னொன்று. புது நாடா வாங்கிக் காசைக் கரைக்காதே. இதிலேயே, எனக்கு மேலேயே பேசி அனுப்பு. நான் சொன்னதில் வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. உன் குரல் கேட்கவேண்டும், அவ்வளவுதான்."

சுவரில் யாரோ இரண்டுதரம் தட்டினார்கள். "சரி சரி" என்று சிரித்தார். "டக்". அதோடு நாடா முடிந்து வால் தனியே சுற்றியது.

அவருடைய முதல் விடைபெறுதல் வந்ததுமே வாத்தியார் வீட்டில் இயந்திரத்தை நிறுத்தியிருக்கவேண்டும். இந்த நாலு வரியை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நோராவின் பதிலும் இதற்குக் கொஞ்சம் முன்னாலேயே முடிந்துவிட்டதால் இது அழியாமல் மிஞ்சியது. எங்கள் அறை ஐந்து பேரில் ஒருவன் அங்கே இருந்திருந்தால் ஓடவிட்டிருப்பான்.

டெக்லன் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். "சின்னப் பையனாக இருக்கிறார், என்னைவிட எவ்வளவு இளசு" என்றார். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் கண் கலங்கியது, அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

டெக்லன் அங்கிருந்தே அத்தைக்குப் போன் எடுத்து ஸ்பீக்கருக்குக் கிட்டே பிடிக்க, நான் கொம்பியூட்டரில் போட்டேன். முடிந்ததும் அவர் இன்னொருதரம் போடச் சொன்னார். போட்டேன். பிறகு அந்தக் கிழவி மெதுவாகக் கேட்டார்:

"அப்போ, அவன் சொன்னதைத்தானே நான் செய்திருக்கிறேன்?"

ஓம் என்று நானே தமிழில் சொல்லிவிட்டேன். யாரும் என்னைத் திருத்தவில்லை.

பாட்டில் அவர் குரலைப் போட நோரா சம்மதித்தார். நான் வழமைப்படி இரைச்சலையும் முனகலையும் துடைக்கக் கையை வைத்தேன். ஒன்றையும் தொடாதே என்றார் மார்கரெட். கித்தார் நிற்கும், மேளம் நிற்கும், பிறகு குழாய் சொட்டும், அவர் பேசுவார், சுவரில் தட்டுவார்கள். டெக்லன் விட்டுவைத்த நாற்பது விநாடிக்குள் எல்லாம் அடங்கியது. பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கப் பாட்டுப் போனது. கொஞ்சம் தூள் உதிர்ந்தாலும் சுருள் எங்கும் அறாமல் முழுசாகப் பிஸ்கற் பேணிக்குள் திரும்பிப் போனது. போவதற்கு முன் எங்கள் வழக்கப்படி மார்கரெட் ஒரு தாளில் பென்சிலால் வேகம், சூடு, ஓட்டிய நாள் எல்லாம் எழுதி உள்ளே வைத்தார். கடைசி வரியில் என் பெயரை எழுதி அதற்குப் பக்கத்தில் "நிச்சயம்" என்று போட்டிருந்தார். முப்பது வருடத்துக்கு மேலான காலத்தில் அவர் எனக்குத் தந்த ஒரே சான்றிதழ் அதுதான். அதுவும் அயர்லாந்தில் இருக்கிறது.

படம் வந்தபோது றீற்றாவும் நானும் போனோம். கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்க, சனம் எழும்பிக் கோட்டுப் போட்டது. சாப்பாடு கொடுத்தவர்களின் பெயர்களுக்கும் பிறகு என் பெயர் வந்தது, இருந்தாலும் வந்தது. பிறகு கித்தார் நின்றது. குழாய் சொட்டியது. ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாகச் சனம் அப்படியே நின்று கேட்டது. கபிலத் தூள் கொட்டிய என் சட்டைக் கை அப்போது ஞாபகத்துக்கு வந்தது. நெஞ்சு நிமிர்ந்தது என்று எழுதினால் அது மிகையில்லை.

வெளியே வரும்போது றீற்றா, "மாமியும் ஒவ்வொரு கசெற்றிலயும் இதைத்தானே சொல்லுறவ" என்றாள்.

ஒன்றை நான் றீற்றாவைத் தவிர யாருக்கும் இதுவரை சொன்னதில்லை. மற்றவர்களின் குரலையெல்லாம் காப்பாற்றிய என்னிடம் என் அம்மாவின் குரல் ஒரு நிமிடமும் இல்லை. வந்த கசெற் எல்லாவற்றிலும் அவர் பேசியதற்கு மேலேயே, பக்கம் முடியும்வரை நானே பேசி அனுப்பினேன். அவர் செத்த பிறகு அந்த நினைப்பை எவ்வளவு காலம் சுமந்தேன் என்று றீற்றாவுக்கு மட்டும்தான் தெரியும். முடிக்கிறன் என்று சொல்லி, ஆடு கத்தி ஓய்ந்த பிறகு, கசெற்றின் கடைசி அங்குலத்தில் அம்மா தவறாமல் சொல்வார்: "இதிலயே கதைச்சு அனுப்பு தம்பி, உன்ர குரலைக் கேக்கவேணும்."

அவர் சொன்னதைத்தான் நானும் செய்திருக்கிறேன்.